சொல்லிவிட்ட வார்டன்

கஸ்தூரி இறந்துபோன செய்தி ஒரு கட்டளையோடு சேர்ந்துதான் எனக்கு வந்தது. காலையில் அவள் தம்பி முருகேசன் சத்தியவேட்டிலிருந்து போன் செய்தான். "அக்கா பூட்டாங்க டீச்சர். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சி போச்சி" என்று அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மஞ்சுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அங்க பரீட்ச நடந்துக்கினு கீது. முடியட்டும், நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம். இன்னைக்கு சாயங்காலமே எடுத்துடறோம்" என்றான். மஞ்சு கஸ்தூரியின் ஒரே மகள். அமெரிக்காவில் படிக்கிறாள்.

போனை வைத்தபோது எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. யாருடைய சாவை யாருடைய மகளிடம் மறைப்பது? எங்கள் விடுதியில் படித்த பெண்களுக்கு இந்தக் கோபம் புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர், அமெரிக்கா என்று ஊரே பேச ஆரம்பித்திருந்த காலம். திருப்பதிக்கு வெளியே வடமாலபேட்டை போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் விடுதிக் கல்லூரியில் நான் இயற்பியல் நடத்தினேன். கஸ்தூரி பெண்கள் விடுதி வார்டன். கணவன் விட்டுப்போன பிறகு கைக்குழந்தையோடு வேலைக்கு வந்தவள். அவளும் நானும் மஞ்சுவும் ஒரே அறையில் இருந்தோம்.

அவளைப் பூப்போன்ற மனசுக்காரி என்று யாரும் எழுதிவிடாதீர்கள். எழுந்து வந்து திட்டுவாள். பிள்ளைகள் பெட்டியில் ஒளித்துவைத்த ஊறுகாயை மோப்பம் பிடித்தே எடுத்துவிடுவாள். எடுத்ததை எங்கள் அறைக்குக் கொண்டுவந்து, "இத்த துன்னா அதுங்களுக்குத் தூக்கம் வரும். நீ துன்னு நிர்மலா, உனக்குத் தூங்க நேரம் கீது" என்பாள். அவள் தலையைக் கண்டாலே வராந்தா காலியாகும்.

விடுதிக் கல்லூரிகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பரீட்சை சமயத்தில் வீட்டில் சாவு விழுந்தால் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. கல்லூரி மட்டும் போட்ட சட்டமில்லை இது. பெற்றவர்களே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பார்கள். கஸ்தூரியும் அதுவரை அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

லலிதா நகரிப் பக்கத்துப் பெண். அப்பா கரும்பு பயிரிடுகிறவர். முதல் ரேங்க் வாங்குவாள் என்று கல்லூரியே அவளை நம்பியிருந்தது. இயற்பியல் தேர்வுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளுடைய சித்தப்பா ஆபீசுக்குப் போன் செய்தார். லலிதாவின் அப்பா வயலிலேயே விழுந்து இறந்துவிட்டார். "அண்ணனுக்கு ஆசையே அவ இன்ஜினீர் ஆவணும்னுதான். எழுதி முடிக்கட்டும்" என்று கெஞ்சினார். பிரின்சிபாலும் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கஸ்தூரியிடம், "பரீட்ச அய்யேதாகா செப்பொத்தம்மா, முடியறவரைக்கும் சொல்லாதீங்க. இன்னைக்கு போன் ரிப்பேருன்னு சொல்லிடுங்க" என்றார்.

ஞாயிறுதான் வீட்டிலிருந்து போன் வரும் நாள். வராந்தாவில் பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். லலிதாவும் நின்றாள். அவள் அப்பா ஒரு வாரமும் தவறியதில்லை. கஸ்தூரி வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "போன் ரிப்பேரு. எல்லாரும் போய்ப் படிங்க" என்றாள்.

அவள் வாய் மூடுவதற்குள் போன் அடித்தது.

எல்லோரும் திரும்பினார்கள். லலிதா சிரித்துவிட்டாள். "மேடம், எங்க நைனாதான்! நைனா போன் பண்ணா ரிப்பேரான போன்கூட அடிக்கும்" என்று முன்னால் ஓடிவந்தாள்.

அடித்தது வேறொரு பெண்ணின் அப்பா. கஸ்தூரி குரலைக் கேட்டுவிட்டு ரிசீவரைக் கீழே வைத்தாள். லலிதாவின் கையைப் பிடித்து எங்கள் அறைக்கு இழுத்துப் போனாள். எனக்கு விஷயம் தெரியும். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, சொல் என்று சொல்லவும் முடியவில்லை. கூடவே போனேன்.

கட்டிலில் உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். "உங்க நைனா செத்துட்டாரு லலிதா. காலைல. சாயங்காலம் எடுக்கறாங்க. நாளைக்குப் பரீட்ச கீது. போறதும் எழுதறதும் நீ சொல்றதுதான்."

அந்தப் பெண் கத்தவில்லை. "போவணும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "வந்து எழுதணும்" என்றாள்.

கேட்டில் பிரின்சிபால் வழி மறித்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "வீட்டுக்காரங்களே வேணாம்னாங்க. நீ யாரும்மா சொல்றதுக்கு? வழியில இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று கத்தினார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாட்ச்மேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

கஸ்தூரி குரலை உயர்த்தவே இல்லை. "அவ சாவு, அவ பரீட்ச. நாம யாரு சார் நடுவுல? தொறக்கச் சொல்லுங்க. இல்லாட்டி இங்கியே உக்காந்துக்கினு அழச் சொல்றேன். நாளைக்கு எழுதப்போற எல்லாப் பொண்ணுங்களுக்கும் கேக்கும்."

கேட் திறந்தது.

மறுநாள் தேர்வு மையத்தின் வாசலில் நின்றபோது நான் திருமலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிடாத கும்பிடில்லை. மணி அடிக்கப்போகும் நேரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ வந்தது. லலிதாவின் தலை ஈரமாகவே இருந்தது. கஸ்தூரி முந்தின நாள் புடவையிலேயே இருந்தாள். சாவு வீட்டில் சித்தப்பா அவளை அடிக்கவே வந்தாராம். விடிந்ததும், "இனிமே இன்னாத்துக்குப் பரீட்ச?" என்று அவரே பெண்ணைத் தடுத்தாராம். லலிதா தானாகவே எழுந்து வந்து பஸ் ஏறியிருக்கிறாள்.

அவள் தேர்ச்சி பெற்றாள், ஆனால் போஸ்டர் அடிக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. இன்ஜினீயரிங் சீட்டும் அந்த வருடம் கிடைக்கவில்லை. கல்லூரி கஸ்தூரியை வீட்டுக்கு அனுப்பியது. "மறைச்சிருந்தா ரேங்க் வந்திருக்குமே, தப்புப் பண்ணிட்டோமோன்னு இல்லியா உனக்கு?" என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். "வந்திருக்கும். ஆனா அவகிட்ட கேக்காம அத்த வாங்கிக் குடுக்க நான் யாரு?" என்றாள். பிறகு ஊருக்குப் போய், ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த பெண்களுக்கு விடுதி நடத்தினாள். அங்கேயும் அதே வாய், அதே மோப்பம். அந்த வருமானத்தில்தான் மஞ்சு கடல் தாண்டினாள்.

முருகேசன் பேசியபின் நெடுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன உரிமை? நான் தாயுமில்லை, மாமனுமில்லை. மஞ்சு பரீட்சையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்து, திரும்பிப் போக முடியாமல் ஆகிவிட்டால்? ஆனால் மாலைக்குள் எரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு பக்குவமாகச் சொல்லி என்ன?

போன் செய்தேன். எடுத்ததுமே அவள், "ஆன்ட்டி, மாமா இப்பதான் பேசினாரு. அம்மா தூங்கறாங்கன்னாரு. நீங்க சொல்லுங்க" என்றாள்.

"அம்மா செத்துட்டாங்க மஞ்சு" என்றேன். அவள் அழுது முடிக்கும்வரை போனை வைக்கவில்லை. பிறகு சாயங்காலம் எடுக்கப்போவதையும் சொன்னேன், பரீட்சை கெட்டுவிடுமோ என்ற முருகேசனின் பயத்தையும் மறைக்காமல் சொன்னேன். "நான் வர்றேன். அதுவரைக்கும் வெச்சிருக்கச் சொல்லுங்க" என்றாள்.

வைத்திருந்தார்கள். வந்தாள். ஐஸ் பெட்டியின் மூடியை எடுக்கச் சொல்லி, அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் படுத்துக்கொண்டாள். விட்டுவந்த பரீட்சை என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கருமாதியன்று முருகேசன் எல்லோர் முன்னிலையிலும், "படிக்கிற பொண்ணக் கெடுத்தவங்க இவங்கதான்" என்று என்னைக் காட்டினான்.

கஸ்தூரி எனக்கு விட்டுப்போனது அந்த ஏச்சுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.