மண் வந்த இடம்

மியூசியத்தில் அவளை எல்லோரும் ‘பல்லக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பின்கட்டில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, மண்ணிலிருந்து பல் பொறுக்குவது அவள் வேலை. கடுகைவிடச் சின்னப் பற்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்தில், அவற்றின் காலடியில் மூஞ்சூறு போல ஒளிந்து திரிந்த ஆதிப் பாலூட்டிகளுடையவை. ஏதோ ஒரு வெள்ளத்தில் சேற்றோடு புதைந்துபோனவை.

கோடைதோறும் ஆய்வுக் குழு அந்தப் பழைய வெள்ளச் சமவெளிக்குப் போய், மூட்டை மூட்டையாகக் களிமண் கொண்டுவரும். அவள் அதை ஊறவைத்து, சலித்து, காயவைத்து, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஈரத் தூரிகை முனையால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பார்ப்பாள். சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகியும் அந்த இடத்தை மட்டும் பார்த்ததில்லை.

முதலில் மகள் கைக்குழந்தை. பிறகு கணவன் ஏணியிலிருந்து விழுந்து இரண்டு கோடை படுக்கையில் கிடந்தான். அதற்கப்புறம் அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

“நீங்களும் கிளம்பிட்டா இங்க பல்லு யாரு பொறுக்கறது?” என்றார் குழுத் தலைவர். பாராட்டாகத்தான் சொன்னார். அவளும் சிரித்துவிட்டு வந்து, சுத்தமாயிருந்த சல்லடையை மறுபடி கழுவினாள்.

“பல்லுதான் உன் மேஜைக்கே வருதே, இடம் எதுக்கு?” என்றான் கணவன்.

“வருஷக்கணக்கா லெட்டர் மட்டும் வருது, ஆளைப் பார்த்ததே இல்லைன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?”



இருபதாவது கோடையில் குழுவில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போக, நாலு நாளைக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே ஆறு இல்லை, மரம் இல்லை. சிவப்பும் சாம்பலுமாய் வரிவரியாக மண்மேடுகள். மற்றவர்கள் நிமிர்ந்து நடந்தபடியே எலும்பைக் கண்டுபிடித்தார்கள். வெறுங்கண்ணால் பார்த்தால் அவளுக்கு எல்லாமே கூழாங்கல். இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஓர் எறும்புப் புற்றருகே உட்கார்ந்தாள். எறும்புகள் அடியிலிருந்து மணிமணியாக இழுத்து வந்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் பரப்பி, குப்புறப் படுத்து லென்ஸில் பார்த்தாள். மூன்று முனையுள்ள ஒரு பல்.

“இதுங்களும் நம்ம டிபார்ட்மென்ட்தான் போல” என்றாள், பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவரிடம்.

“ஆமாக்கா. ரிட்டயர்மென்ட்தான் கிடையாது.”

அவள் உடனே எழவில்லை. கன்னத்துக்குக் கீழே மண் வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையை ஏணைத் தொட்டிலில் விட்டுவிட்டுச் சலித்ததெல்லாம் இந்த மண்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஏன் என்று தெரியாமல் கண் கலங்கியது.

மறுவருடம் அந்த மேடுகளைச் சுற்றி வேலி போட்டுச் சாலை வேலை தொடங்கிவிட்டார்கள். தோண்ட அனுமதி இல்லை. கிடங்கில் இருந்த அறுபத்திரண்டு மூட்டைதான் மிச்சம். வாரம் ஒரு மூட்டை முடிக்கிறவள், இப்போது மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள்.

“என்னக்கா, கண்ணு சரியாத் தெரியலையா?” என்று தலைவர் கேட்டார்.

“கண்ணு நல்லாத்தான் சார் தெரியுது. அவசரம்தான் இல்ல.”

அவர் கிடங்கின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “இன்னிக்கு என்ன கிடைச்சுது, காட்டுங்க” என்றார்.