பஞ்சுக்கு மேலே ஒரு தளம்

தன் கையால் கெட்டுப்போன வேலையைச் சரிசெய்ய செல்வராஜ் வேறு ஆளைக் கூப்பிட மாட்டார். அமெரிக்காவில், எடிசனில் இருக்கும் அவர் வீட்டுக் கூரைக்கடி அட்டிக்கில் மூன்று வருஷத்துக்கு முன் சாமான் வைக்கப் பலகை அடித்தவர் அவர்தான். உத்தரங்களுக்கு மேல் பொங்கிக் கிடந்த கண்ணாடிப் பஞ்சை அப்படியே அமுக்கி அடித்துவிட்டார். அமுங்கிய பஞ்சு குளிரை எப்படித் தடுக்கும்? கீழே இருந்த மாடியறையின் சீலிங் சில்லிட்டு வியர்த்து, ஜனவரிக்குள் பழுப்புத் திட்டு விழுந்துவிட்டது.

அந்த அறைக்குத்தான் மகள் வான்மதி பிரசவத்துக்கு வரப்போகிறாள். டிசம்பருக்குள் அங்கே அடைந்து கிடக்கும் சாமான்கள் மேலே ஏற வேண்டும். சீலிங்கில் பொட்டு ஈரம் வரக்கூடாது.

ஆபீஸில் அவர் சாஃப்ட்வேர் டெஸ்டர். தச்சு வேலையை வீடியோ பார்த்தும், தெருவில் எங்கே வீட்டு வேலை நடந்தாலும் போய் நின்று கேட்டும் கற்றுக்கொண்டவர்.

அக்டோபரில் பழைய பலகைகளைப் பிரித்தார். நைந்த பஞ்சை அள்ளிவிட்டுப் புதிதாக நிரப்பினார். உத்தரங்களுக்குக் குறுக்கே உயரமான சட்டங்களை நிமிர்த்தி வைத்து முடுக்கி, அவற்றின் மேல் பலகை பரப்பினார். பஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்றோட விட்டார். அதை நான்கு மூலையிலும் அளந்து பார்த்தார்; மறுநாள் காலை இன்னொரு தரம் அளந்தார்.

பாரம் ஏற்றும் நாளில், ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் எடைபோடும் கைத்தராசோடு ஏணியடியில் நின்றார். எந்தப் பெட்டியும் பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது.

மனைவி வசந்தாமணி ஒரு சூட்கேஸை உருட்டி வந்தார்.

“இது காலிப் பெட்டிதானுங்க.”

தராசு முப்பத்தொன்று காட்டியது.

“ஏர்லைன்காரனே இருபத்துமூணுக்கு மேல விடமாட்டான். காலிப் பெட்டிக்குள்ள என்ன வசந்தா?”

“ரெண்டு டப்பா.”

திறந்தார். ஜோடிக் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, இரும்பு தோசைக்கல் மூன்று.

“பரண் போடறேன்னு ஒரு மாசமா வீடெல்லாம் தூசி. பாத்திரம் வைக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க பரண்?”

“ஊர்ல பரண் காங்க்ரீட்டு. ஆளே ஏறிப் படுத்துக்கலாம். இங்க உத்தரமெல்லாம் ஒல்லி, அதுக்குக் கீழ சீலிங்னு அரை இஞ்ச் அட்டை. விரிசல் விட்டா நேரா தொட்டில் மேலதான்.”

வசந்தாமணி மேலே பார்த்தார். பிறகு மூடியைச் சாத்தினார்.

“அண்டா கராஜுக்குப் போகட்டும். உங்க காரு வெளிய நிக்கட்டும்.”

“நிக்கட்டும்.”

அதற்கடுத்து வந்த ஆறு ‘காலி’ப் பெட்டிகளில் இரண்டுதான் உண்மையிலேயே காலி. கம்பளி, போர்வை, பொம்மை என்று லேசானவை மட்டும் மேலே போயின.

ஜனவரியில் கடுங்குளிர் ஒரு வாரம் விடாமல் அடித்தது. பேத்திக்கு அப்போது மூன்று வாரம். செல்வராஜ் காலையும் மாலையும் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய திட்டு இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பக்கத்துச் சுவர் எப்படி இருந்ததோ அப்படியே சீலிங்கும் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

“அப்பா, இட்ஸ் ட்ரை. நேத்தும் ட்ரை. பேபி தூங்கணும், ப்ளீஸ் கெட் டவுன்,” என்றாள் வான்மதி.

“நாளைக்கு மைனஸ் பதினஞ்சாம்மா,” என்றார் அவர், கையை எடுக்காமல். “அதையும் பார்த்துட்டு இறங்கிடறேன்.”