லேத் ஓடாத ஆறு வாரம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஒரே ஒரு பழைய லேத்தில் தொடங்கி, வீட்டை ஒட்டி ஆறு மெஷின் ஓடும் பட்டறை வைத்தேன். இரும்பு மயிரிழை பிசகினாலும் என் விரல் சொல்லிவிடும். அப்பேர்ப்பட்ட என்னை வயிறெரிய வைத்தவர் ஒரு நர்ஸம்மா. அவரைப் பற்றித்தான் இது.

என் மனைவிக்கு இதயம் பலவீனம். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். டாக்டர் நோய்த்தணிப்பு சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்ததும், "கைவிட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அது கடைசி நாட்களுக்கானது என்றே நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா அதைத் திருத்தினார். இதய மாத்திரை அதுபாட்டுக்குத் தொடருமாம். கூடவே இவர் மூச்சு, தூக்கம், பயம் எல்லாவற்றையும் பார்ப்பாராம். கூட இருக்கும் என்னையும் பார்ப்பாராம். எனக்கென்ன கேடு என்றேன். சிரித்தார்.

முன்பு தையல் வேலை பார்த்தவர். அப்பா வலியில் துடித்ததைப் பார்த்துவிட்டு, முப்பது வயதில் நர்ஸ் படிப்புக்குப் போனாராம். செவ்வாய்தோறும் ஸ்கூட்டரில் வருவார். கட்டிலோரம் உட்கார்ந்து, மூச்சுத்திணறலுக்குப் பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்பார். நாற்பது வருஷமாக என்னிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்றே சொன்னவள், அவரிடம் "ஏழு" என்றாள்.

அடுத்த செவ்வாய் நான் முந்திக்கொண்டு, வாசலில் நின்றபடியே, "நல்லாயிருக்கல்ல? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டேன். "ஒண்ணு" என்றாள். நர்ஸம்மா வந்ததும் "ஏழு" என்றாள். பிறகு இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்த நர்ஸம்மா, "ஐயா, அம்மா ரூம் சுவரோரம் இருக்கிற லேத்தை ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

அது என்னைத் தவிர யாரும் தொடாத மெஷின். அவள் தூங்கட்டும் என்று ஆறு வாரமாக ஓட்டவில்லை என்றேன், பெருமையாகத்தான்.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான் நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு அம்மாவுக்குத் தெரியுமாம். இப்ப சத்தமில்லாம பயந்துபோய்த்தான் மூச்சு இன்னும் முட்டுது."

என் லேத், என் சுவர், என் பெண்டாட்டி. இதைச் சொல்ல ஸ்கூட்டரில் ஓர் ஆள் வரவேண்டியிருந்தது.

அன்றைக்கே ஓட்டினேன். ஆறு நாள் கழித்து, திங்கட்கிழமை, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து எத்தனை என்று கேட்டேன்.

"நாலு."

"நெசமாவா? சத்தம் கேக்காம பயமா இருக்குன்னு ஏன் முன்னாடியே என்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்கங்க கேட்டீங்க? வாசல்ல நின்னுக்கிட்டே 'நல்லாயிருக்கல்ல'ன்னு கேட்டா, நான் வேற என்ன சொல்ல?"

மறுநாள் நர்ஸம்மா வந்து அந்த நாலை எழுதிக்கொண்டார். எனக்கு அது முந்தின நாளே தெரியும்.