முப்பதாவது கல்

கல் உடையும்போது ஒரு வாசனை வரும். வெடித்து முடிந்த பட்டாசும் தீய்ந்த மயிரும் கலந்தாற்போல, அடி விழுந்த நொடியில் எழுந்து, தூசு அடங்குவதற்குள் போய்விடுகிற வாசனை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தி ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைந்த ஒரு வெயில் மாதம் முழுக்க, நாளுக்கு ஒரு தடவை அந்த வாசனையை முகர்ந்தேன். கல் என் நைனாவின் மார்பின்மேல் கிடக்கும். சம்மட்டி என் அம்மாவின் கையில் இருக்கும். எங்கள் பக்கத்தில் அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சொல்லை இன்றைக்கும் உரக்கச் சொன்னால் எனக்கு மூக்கில் கல் எரிகிறது.

கல்யாணத்துக்கு முன்பு நைனா ஒரு ‘நான்ஸ்டாப் சைக்கிள்’ குழுவில் இருந்தவர். ஏழு நாள் கால் தரையில் படாமல் ஊர்ப் பொட்டலில் சுற்றிச் சுற்றி வருவார்கள். சைக்கிளில் இருந்தபடியே குளிப்பார்கள், தின்பார்கள். சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் ஒருவர் முதுகில் ஒருவர் டியூப்லைட்டை அடித்து உடைப்பார்கள். கோழி கிளறிய ஈரமண் மாதிரி இருக்கும் அவர் முதுகு. யாரோ ஒரு மைக்செட்காரர்தான் சொல்லியிருக்கிறார், வெளிதேசத்தில் ஒரு புத்தகம் போடுகிறார்களாம், யாரும் செய்யாததைச் செய்தவன் பேரெல்லாம் அதில் ஏறுமாம், நகம் வளர்த்தவன் பேர்கூட இருக்கிறதாம் என்று. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. முப்பது நாள், முப்பது ஊர், நாளுக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரே அடி. ஒவ்வொரு ஊரிலும் ஒரு தலைமையாசிரியரோ கிராம அதிகாரியோ கண்ணால் பார்த்ததாக நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைக்க வேண்டும். சட்டத்தை அவரே போட்டுக்கொண்டார். அடிக்கிற கையை வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. என் அம்மா ஆரோக்கியமேரி கல்குவாரியில் பிறந்து வளர்ந்தவள். ஆண்கள் மூன்று அடியில் பிளக்கிற பாறையை ஒரே அடியில் பிளப்பாள்.

எங்கள் ஊர்க் குவாரியில் பயிற்சி நடந்தது. முதல் வாரம் மல்லாந்து படுத்துக்கொண்டு மார்பின்மேல் என்னை நிற்கச் சொன்னார். அடுத்த வாரம் என்னோடு ஒரு மணல் மூட்டை. பச்சை முட்டையை உடைத்து உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டார். மூச்சை இழுத்துக் கட்டி நெஞ்சைத் தவில்போல இறுக்கப் பழகினார். என் உள்ளங்கால்களுக்கு அடியில் அந்த நெஞ்சு மரத்திலிருந்து கல்லாக மாறியதை நான் காலாலேயே அறிந்தேன். பிறகுதான் அம்மா நிஜக் கல்லை ஏற்றினாள். ஈரக் கோணியை நாலாக மடித்து அவர் மார்பில் போடுவது என் வேலை. அதன்மேல் கல். கல்லின் நடுவே அம்மா கரித்துண்டால் ஒரு சிலுவை இழுப்பாள். பார்க்கிறவர்கள் ஜெபம் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். அது அடி விழ வேண்டிய இடம், அவ்வளவுதான். கல்லுக்கும் நரம்பு உண்டு, அது ஓடுகிற வழி பார்த்துப் போட்டால் தானே வாயைத் திறக்கும் என்பாள்.

அம்மா வெட்டுகிற கல் எப்போதும் அவளுடைய ஒரு கை அகலக் கனம் இருக்கும். மூன்று பேர் தூக்கித்தான் வைக்க வேண்டும். நைனா அதைத் தன் வீரத்தின் கனம் என்று நம்பினார். வந்து தொட்டுப் பாருங்கள் என்று கூட்டத்தைக் கூப்பிடுவார். மெலிசாக வெட்டினால் அவருக்கு வலிக்காதே என்று ஒருநாள் நான் அம்மாவிடம் கேட்டேன். உளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் குனிந்து சொன்னாள்: “கனமா இருந்தா அடிய கல்லு வாங்கிக்கும் பாப்பா. மெலிசா இருந்தா ஆளு வாங்கிக்குவான், நெஞ்சு அப்பளமாப் பூடும். உங்க நைனாகிட்ட சொல்லிவெக்காத. தெரிஞ்சா மெலிசுலதான் படுப்பேன்னு ஆடுவாரு.”

இப்படிக் கிளம்பினோம். ஒரு தகரப்பெட்டி, ஒரு சம்மட்டி, ஒரு நோட்டு, நாங்கள் மூன்று பேர். கல்லை பஸ்ஸில் ஏற்ற முடியாது, அதனால் போகிற ஊரின் பாறையிலேயே விடியலில் அம்மா ஆப்பு வைத்து ஒரு பலகையைப் பிளந்தெடுப்பாள். எங்கள் சீமையில் பாறைக்கு என்ன பஞ்சம். தொண்டூரில், அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் படுப்பதற்காகக் குன்றில் செதுக்கிய கல்படுக்கைகளில் ஒன்றில் நான் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். வழவழவென்று, வெயிலிலும் குளிர்ச்சியாக இருந்தது. கல்மேல் மனிதர் படுத்திருக்கிறார்கள், மனிதர்மேல் கல்லைப் போட்டுக்கொண்டது நாங்கள்தான் போலிருக்கிறது என்று யோசித்தேன்.

எந்த ஊரிலும் கூட்டம் ஒரே மாதிரிதான் பேசியது. புருஷன்தானே, யோசிக்காமல் வெச்சிப் போடு என்று பெண்கள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒருத்தி, “யக்கா, அந்த சம்மட்டிய ஒரு நாளைக்கு எங்க வூட்டுக்குக் குடேன்” என்று கேட்டபோது ஆண்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கல்லுக்கு அடியிலிருந்து நைனாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் மத்தியானம் அவள் ஓங்கியதற்கெல்லாம் சாயங்காலம் அவர் ஓங்குவார். கல் கோணலாக உடைந்தால் அடி. கூட்டம் குறைந்தால் அடி. கைதட்டல் அவளுக்கு விழுந்தது என்று தோன்றினால் அன்றைக்கு இடுப்பு பெல்ட். கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு அடிக்கும்போது அவர் மூச்சைக் கட்டியிருப்பார், கல்லுக்கு அடியில் கட்டுகிற அதே மூச்சு.

அவலூர்பேட்டை இருபத்தொன்பதாவது ஊர். சந்தை நாள். கல் நன்றாகத்தான் உடைந்தது. ஆனால் ஒரு சில்லு தெறித்து நைனாவின் மோவாயைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டத்தில் யாரோ, பொம்பளை கை வெச்சிட்டா பாரு என்று சொல்லிச் சிரித்தான். கையெழுத்து விழுந்தது, முத்திரை விழுந்தது. பொழுது சாய்ந்து, சந்தை கலைந்து, அழுகிய முட்டைக்கோஸ் இலைகளும் மாட்டுச் சாணமும் மட்டும் மிஞ்சிய அந்தத் திடலில், வேண்டுமென்றே செய்தாய் என்று சொல்லிச் சொல்லி சம்மட்டியின் மரக்காம்பைக் கழற்றி அவளை அடித்தார். காய்க்காரர்கள் இரண்டு பேர் சாக்கை மடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிபம்பில் தண்ணீர் அடித்து அம்மாவின் காதைக் கழுவினேன். தண்ணீர் சிவப்பாகவே ஓடியது. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அந்த இடது காது அவள் சாகிறவரைக்கும் கேட்கவே இல்லை.

மறுநாள் செஞ்சி. முப்பதாவது ஊர். சுற்றிலும் மூன்று மலை, மலையெல்லாம் கோட்டை, யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல எங்கே திரும்பினாலும் பாறை. ஆனால் ஒரு கல்லைத் தொட முடியவில்லை. அடிவாரத்தில் அம்மா ஆப்பை வைத்ததுமே காக்கிச் சட்டை போட்ட காவலாளி வந்து உளியைப் பிடுங்கிக்கொண்டார், கோட்டைக் கல்லில் கை வைத்தால் கேஸ் ஆகிவிடும் என்றார். மூன்று மணிக்குத் தலைமையாசிரியர் வருவதாகச் சொல்லியிருந்தார். நோட்டீஸ் விநியோகமாகிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையைப் புதுசாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் ஒரு கல் கேட்டு வாங்கிவரச் சொல்லி, ஒரு கைவண்டிக்காரரையும் கூட அனுப்பி, நைனா என்னைத் துரத்தினார்.

டீக்கடையில் இரண்டு கல் இருந்தது. ஒன்று பழைய வாசற்படிக் கல், சாம்பல் நிறம், சரியாக அம்மாவின் ஒரு கை அகலக் கனம். இன்னொன்று டீ ஆற்றுகிற மேடைக்காக வாங்கிவைத்த கடப்பாக் கல், கறுப்பு, வழுவழுப்பு, என் ஒரு விரல் கனம்கூட இல்லை. எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். கடப்பாக் கல்லில் என் முகம் தெரிந்தது. அதைக் காட்டினேன். தெரிந்துதான் காட்டினேன். பத்து வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கல்லைப் பார்த்ததும் நைனாவுக்குச் சந்தோஷம். இருபத்தொன்பது நாள் இடிபட்ட விலா, கடைசி நாள் கொஞ்சம் லேசாக இருந்தால் என்ன என்றார். பொட்டலில் படுத்தார். கோணியை மடித்துப் போட்டேன். மூன்று பேர் தேவைப்படவில்லை, கைவண்டிக்காரர் ஒருவரே தூக்கி வைத்துவிட்டார். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். அம்மா கரித்துண்டோடு குனிந்தாள். சிலுவை போடவில்லை. கல்லின் விளிம்பை விரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு நிமிர்ந்து, கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, கடையில் வேறு கல் இருந்ததா என்று கேட்டாள். தலையாட்டினேன். நீயாகப் பார்த்தா எடுத்தாய் என்றாள். அதற்கும் ஆட்டினேன்.

“இன்னாடி அங்க பேச்சு? போட்றி” என்றார் நைனா, கல்லுக்கு அடியிலிருந்து.

அம்மா சம்மட்டியை ஓங்கினாள். இருபத்தொன்பது தடவை பார்த்த ஓங்கல்தான், ஆனால் அன்றைக்குத்தான் அது எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தேன். அவளுக்குப் பின்னால் ராஜகிரி மலை நின்றது, அதற்கும் மேலே இரும்பு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, போடு, போடு என்று மனசுக்குள் சொன்னேன். மொத்து என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் சம்மட்டி அவளுக்குப் பின்னால் மண்ணில் கிடந்தது.

“கல்லு சரியில்ல சார்” என்றாள் தலைமையாசிரியரிடம். “எழுதாதீங்க.”

நைனா துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் கடப்பாக் கல் சரிந்து, தரையில் விழுந்து, அடியே இல்லாமல் நாலாக உடைந்தது. கூட்டம் அதற்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை அவரால் தாங்க முடியவில்லை. முதல் அடி வாயில் விழுந்தது. கீழே விழுந்தவளை வயிற்றில் மிதித்தார், முதுகில் மிதித்தார், உடைந்த கல்லின் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சம்மட்டி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாளாகக் கைதட்டிய ஜனம் வட்டமாக நின்று பார்த்தது. தலைமையாசிரியர் நோட்டை மூடினார். அப்போதுதான் அம்மா தலையைத் தூக்கி, வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்:

“சார், மூடாதீங்க. இத்தயும் எழுதிக்கிங்க. பன்னெண்டு வருசமா வாங்கறேன், ஒரு நாள் தவறினதில்ல. இதுக்கு எந்த புக்குல பேரு போடுவாங்க?”

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நைனாவின் சட்டையைப் பிடித்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். நைனா அவர்களை உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் திண்டிவனம் ரோட்டில் நடந்தார்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மாவின் முந்தானையில் ரத்தம் காய்ந்திருந்தது. உதடு வீங்கி மினுங்கியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “அவனுக்கு எரக்கப்பட்டு உட்டேன்னு நெனைக்காத. போட்டிருந்தா அவன் அத்தோட பூடுவான். நான் ஜெயிலுக்குப் போயிட்டு வந்துடுவேன். கல்லு எடுத்துக் குடுத்தவ நீ. உம்மேல இருந்து அத்த யாரு எறக்குவா?”

பதினோரு நாள் கழித்து நைனா வந்தார். திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அடித்தார், கல்லுக்கு அடியில் மட்டும் மறுபடி படுக்கவில்லை. அம்மா கல்தூசி நெஞ்சை அரித்து அவருக்கு முன்னாலேயே போய்விட்டாள். அவருடைய கடைசி நாள்களில், மூச்சுத் திணறிக் கிடந்தவரின் மார்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டது நான்தான். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் முழுசாக இருந்தன.

போன மாதம் செஞ்சியில் இறங்கினேன். பொட்டல் இல்லை, அங்கே செல்போன் கடைகளும் ஒரு கல்யாண மண்டபமும் நிற்கின்றன. மைக்செட் கட்டிக் கல் உடைக்கிறவர்களும் இல்லை, வட்டம் கட்டிப் பார்க்கிறவர்களும் இல்லை. அடி விழுகிற வீடுகள் இல்லாமல் போயினவா என்று எனக்குத் தெரியாது. இருபத்தொன்பது முத்திரை விழுந்த நோட்டு என்னிடம் இருக்கிறது, முப்பதாவது பக்கம் வெள்ளையாக. டீக்கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. மேடையில் கடப்பாக் கல்லுக்குப் பதிலாக ஸ்டீல் தகடு அடித்திருக்கிறார்கள். என்ன தேடுகிறேன் என்று கடைக்காரப் பெண் கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். டீயைக் குடித்துவிட்டு வெளியே வரும்போதுதான் பார்த்தேன், கடை முன்னால் சாக்கடையின் குறுக்கே பாலம் மாதிரி அந்தப் பழைய வாசற்படிக் கல் கிடந்தது. குனிந்து கை வைத்தேன். இப்போது என் கை அம்மாவின் கை அளவு. சரியாக ஒரு கை அகலம்தான். மிதிக்காமல் தாண்டிப் போனேன்.