வாயை மூடிப் படிக்கிறாள் பானுப்ரியா

வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை நிறுத்திக்கொண்டு பானுப்ரியா படித்துக்கொண்டிருக்கிறாள். விழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது. மடிக்கணினித் திரையில் மாதிரிக் கேள்விகள் ஓடுகின்றன. கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன. ஒரு கேள்வி முடிந்ததும் கொல்லைக்கு ஓடித் துப்பிவிட்டு வந்து அடுத்த மடக்கை எடுத்துக்கொள்கிறாள். மென்பொருள் தேர்வுக்கு இப்படியா தயாராவார்கள் என்று கேட்டால் முறைக்கிறாள். பதில் சொல்ல வாய் காலியில்லை.

திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் அவள் வீடு. கூடத்தில் நாலு விசைத்தறி. அவை ஓடும்போது பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் அந்த வீட்டில் யாரும் கத்துவதில்லை, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். அம்மா வரலட்சுமி கடைசித் தறியிலிருந்து உதட்டை அசைத்தால், சமையலறை வாசலில் நிற்கிற பானுப்ரியா போய்க் குழம்பை இறக்கிவைப்பாள். வந்த விருந்தாளியை அவர் கண்ணெதிரிலேயே அம்மாவும் பெண்ணுமாகக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். பாவம், அவர் காபியை ரசித்துக் குடித்துக்கொண்டிருப்பார். பள்ளிப் பாடத்தையும் அவள் இந்த இரைச்சலில்தான் படித்தாள். உதடும் சேர்ந்து படித்தால்தான் மண்டையில் ஏறும். ரயிலில் இவள் வாய் அசைவதைப் பார்த்து, முருகனுக்கு ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நகர்ந்து இடம் கொடுத்தவர்கள் உண்டு.

ரயில் போவது சென்னைக்கு, வேலைக்கு. சின்னக் கம்பெனி ஒன்றில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்த மாத முடிவுக்குள் சான்றிதழ் வாங்கினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். தேர்வு அறிவிப்போ, இரண்டு வருட அனுபவம் உள்ளவர்களுக்கு ஏற்றது என்கிறது. “சர்டிபிகேட் இருந்தாதான் வேல. வேல பாத்திருந்தாதான் சர்டிபிகேட். அனுபவத்த நான் எங்க போயி பொறுக்கிகினு வர்றது?” என்று பொரிந்து தள்ளுவாள். அவள் கேட்பதில் என்ன தப்பு?

இதுவரை தன் கையால் செய்தது உள்ளூர் லாட்ஜ் ஒன்றுக்கு அறை பதிவு செய்யும் பக்கம். ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் புகுந்ததும் அது படுத்துவிட்டது. ஒரே அறையை மூன்று குடும்பங்களுக்குக் கொடுத்துத் தொலைத்தது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு மட்டும் அவள் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவாள். வாங்கிக் கட்டிக்கொண்டது அவ்வளவு.

இந்தத் தேர்வை ஏற்கெனவே ஒரு தடவை வீட்டிலிருந்தே எழுதினாள். கேமரா முன்னால் உட்கார வேண்டும், எங்கோ இருந்துகொண்டு ஒருவன் கண்காணிப்பான். அறையில் வேறு ஆள் கூடாது, சத்தம் கூடாது. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா கோதண்டபாணி நாலு தறியையும் நிறுத்திவிட்டு வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். பாதிக் கேள்வி தாண்டியிருப்பாள். உதடு அசைகிறது, யாருடன் பேசுகிறீர்கள் என்று திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வந்தது. யாருடனும் இல்லை, கேள்வியைப் படிக்கிறேன் என்று தட்டினாள். அடுத்த கேள்வி நீளமானது. அவளை அறியாமல் உதடு மறுபடி படித்தது. விதிமீறல், தேர்வு ரத்து என்று திரை சொல்லிவிட்டது.

காப்பி அடித்தவள் மாதிரி வெளியே தள்ளினால் வயிறு எரியாதா? எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது, நாங்கள் இப்படித்தான் படிப்போம் என்று விளக்கி எழுதினாள். உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது.

“இன்னாத்த புரிஞ்சிகினான்? நைனா, நான் திருடியா?” என்று கத்தினாள். மின்சாரம் போய்த் தறி நின்றிருந்த நேரம், தெருவுக்கே கேட்டது.

“நீ ஏம்மா திருடி? ஒதட்டப் படிக்கத் தெரியாதவன காவலுக்கு ஒக்கார வெச்சாங்களே, அவங்கள சொல்லணும்” என்றார் கோதண்டபாணி.

அக்கா வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ், பேசாமல் சென்னையில் தேர்வு மையத்துக்கே போய் எழுதச் சொன்னார். அவ்வளவுதான், அவர் தலை உருண்டது.

“அங்க மட்டும் கேமரா இல்லியா பாவா? எங்க வீட்ல என் வாயி அசையறதுக்கு நான் ஏன் மெட்ராஸ் போவணும்? இங்கயேதான் எழுதுவேன்.”

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தண்ணீர் வைத்தியம். “வூட்ல ஊமையாட்டம் திரியுது. சாப்டியான்னு கேட்டா கைய ஆட்டுது” என்று வரலட்சுமி அங்கலாய்க்கிறாள். படித்தது பழையபடி மண்டையில் ஏறுகிறதா என்றால், இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் தேர்வு. இது கைவிட்டால் வேலையும் போகும். தறிகள் நின்றுவிட்டன. அறையைக் காட்டுங்கள் என்று கண்காணிப்பவனின் கட்டளை திரையில் வருகிறது. மடிக்கணினியைத் தூக்கிச் சுவர்களைக் காட்டுகிறாள், மேசையடியைக் காட்டுகிறாள், சாத்திய கதவைக் காட்டுகிறாள். கூந்தலை ஒதுக்கிக் காது இரண்டையும் காட்டச் சொல்கிறான், காட்டுகிறாள். போதும், தொடங்கலாம் என்று வருகிறது.

அவள் தொடங்கவில்லை. கேமராவை முகத்தருகே கொண்டுபோய், இறுக மூடிய தன் வாய் மட்டும் திரை முழுக்கத் தெரியும்படி நெருக்கிப் பிடித்து, அப்படியே வைத்திருக்கிறாள்.