அப்பா கொண்டுவந்த எலிகள்

மலேசியாவின் மந்தின் பட்டணத்துக் கடையொன்றில் எலி மருந்து வாங்கும்போது அந்த மெழுகுக் கட்டியின் வாடை மூக்கில் ஏறியதுமே, லிங்கி ஊர்ப் பக்கத்து எங்கள் தோட்டத்தின் பழைய ரப்பர் பால் ஸ்டோருக்குள் மறுபடியும் கத்தியோடு நின்றேன். இன்று அங்கே வீட்டு மனைகள். அன்று, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ உயிரியல் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்க, ரப்பர் பால் காய்ந்து கறுத்த அதன் சிமெந்து மேடைதான் என் ஆய்வுக்கூடம். ரப்பரை அழித்து நட்ட செம்பனை எண்ணெய் மரங்களுக்கடியில் எலி மருந்து வைப்பது அப்பாவின் வேலை; செத்துக் கிடப்பவற்றில் காயம் படாததாகப் பார்த்துப் பொறுக்கி, தினமும் மத்தியானம் பிளாஸ்டிக் பையில் கொண்டுவருவார்; நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றைத் திறப்பேன்; உள்ளே ரத்தம் குளமாக நிற்கும், குடலும் தெரியாது, ஈரலும் தெரியாது, பஞ்சால் ஒற்ற ஒற்ற மறுபடி தேங்கும்.

"என் கை சரியில்லப்பா. எங்கயோ நரம்ப வெட்டிர்றேன்."

"நாளைக்கு இன்னும் பெருசா கொண்டாறேன் லா. பயப்படாத."

ஏழு எலிகள். ஏழிலும் ரத்தம்.

தேர்வு மேசையில் கிடந்த வெள்ளை எலியை, தோற்பது உறுதி என்றே திறந்தேன். ரத்தமே இல்லை, குடல் புத்தகப் படம்போலச் சுருண்டு கிடந்தது. என் கையில் குற்றமில்லை. ரத்தத்தை உறையவிடாத மருந்தைத் தின்று, உள்ளேயே கசிந்து செத்த எலிகளைத்தான் ஒரு வாரமாக அறுத்திருக்கிறேன்.

சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்தார் அப்பா.

"நல்ல எலியா குடுத்தாங்களா?"

மருந்து வாடை போகாத அவர் கைகளைப் பார்த்தேன்.

"நீங்க கொண்டாந்த அளவுக்கு இல்லப்பா."