கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மனைவி

என் மனைவி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று சொன்னால் போதும், உடனே முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார்கள். அவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மனசு ஒடிந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிற ஆலோசகர். ஒரு ஆஸ்பத்திரியில் பல வருஷமாக அதுதான் பிழைப்பு. அந்த வேலையைப் புதிதாகப் பழகுகிறவர்களை மேற்பார்வை பார்த்து ஆளாக்குவது எப்படி என்பதுதான் இந்தப் பெரிய படிப்பு. தலை நரைக்க ஆரம்பித்த பிறகு புத்தகப் பையைத் தூக்கினாள்.

என் மச்சான் வாய் சும்மா இருக்குமா? "மாமா, அக்கா பாஸ் பண்ணிட்டா உங்களையும் மேற்பார்வை பாக்க ஆரம்பிச்சிடுவா, ஜாக்கிரதை."

"இப்ப மட்டும் என்னடா பண்றா?" என்றேன்.

சிரித்தது அதோடு சரி. முதல் செய்முறைப் பரீட்சையில் ஃபெயிலாகி வந்தாள்.

அந்தப் பரீட்சை எப்படி என்றால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. நடுவே ஒரு கண்ணாடி. வெளிச்சமான அறையில் இருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும். இருட்டறையில் இருந்து பார்த்தால் அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் தெரியும். வருகிறவர்களிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் செய்வார்கள். வெளிச்ச அறையில், ஆலோசனைக்கு வந்தவரும் வேலை பழகுகிற பெண்ணும். இருட்டில் என் மனைவி, அவள் முன்னால் ஒரு மைக், அதில் ஒரு பொத்தான். அமுக்கிப் பேசினால் அந்தப் பெண்ணின் காதில் மாட்டிய குமிழில் மட்டும் கேட்கும். என் மனைவிக்குப் பக்கத்தில் மார்க் போட ஒரு பேராசிரியை அம்மா.

பொத்தான் இருக்கிறதே என்று இவள் அமுக்கு அமுக்கென்று அமுக்கியிருக்கிறாள். இதைக் கேளு, அதை விடு, இப்ப தலையாட்டு. அந்தப் பெண் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறாள். வந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாரு உனக்குச் சொல்லித் தர்றாங்களோ அவங்களையே வரச் சொல்லும்மா" என்று எழுந்து போய்விட்டார்.

பேராசிரியை அம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "நீங்க நல்ல ஆலோசகர். அதுதான் இங்க தொந்தரவே. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுலயும் நீங்களே வண்டியை ஓட்டினா இந்தப் பட்டம் கிடையாது."

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். என் கையாள் ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்தால் "தள்ளு" என்று நானே பிடுங்கிக்கொள்வேன். அதை வைத்தே ஒரு நாள் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட வேலை பழகின ஒருத்தராவது தனியா ஒரு லிஃப்ட்ட ஓட வச்சிருக்காங்களா?"

"ஏம்மா, உள்ள ஆள் மாட்டிக்கிட்டுக் கத்துறப்ப பாடமா நடத்தச் சொல்றே?"

அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நான் கேட்டது அவள் பயத்தில் போய்த் தைத்துவிட்டது. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கத்தினால் என்ன செய்வது?

இரண்டாவது பரீட்சை அன்று அவள் கை ஸ்கூட்டரைப் பிடிக்கிற நிலையில் இல்லை. நான்தான் காரில் கூட்டிப் போனேன். அதே பெண்தான் இந்தத் தடவையும் உள்ளே உட்காரப் போகிறாள்.

வராந்தா பெஞ்சில் எனக்கு இடம். அங்கே வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு வீட்டிலேயே உத்தரவு. தரையைப் பார்த்தபடி இருந்தேன். வார் பிய்ந்து ஊசியால் தைத்த ஒரு ஜோடிச் செருப்பு என்னைக் கடந்து வெளிச்ச அறைக்குள் போனது. ஒரு பெண்ணின் செருப்பு. நடை தயங்கித் தயங்கி இருந்தது. கதவு மூடியது.

உள்ளே போன அந்த அம்மா என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி சாகும்வரை சொல்ல மாட்டாள். அவள் தன் பங்கை மட்டும் பிறகு சொன்னாள். வெகுநேரம் பொத்தான் பக்கமே கை போகவில்லையாம். வேலை பழகுகிற பொண்ணு தட்டுத்தடுமாறினாலும் நன்றாகவே போய்க்கொண்டிருந்ததாம். அப்போது அந்த அம்மா வாயில் இருந்து ஒரு வார்த்தை விழுந்திருக்கிறது. உயிரை விட நினைக்கிறவர்கள் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை. பொண்ணு அதைக் கவனிக்காமல் அடுத்த கேள்விக்குத் தாண்டிவிட்டாள்.

என் மனைவி பொத்தானை அமுக்கினாள். "இப்ப சொன்னதைத் திரும்பக் கேளு." பொண்ணிடம் ஓர் அசைவும் இல்லை. மறுபடி அமுக்கினாள். கல்லு மாதிரி இருந்தாள். அப்புறம்தான் கண்ணில் பட்டிருக்கிறது, காதுக்குமிழ் பொண்ணின் மடியில் கிடந்தது.

வராந்தாவில் நான் பார்த்தது இதற்குப் பிறகு. இருட்டறைக் கதவு படாரென்று திறந்தது. என் மனைவி வெளியே வந்து அடுத்த கதவின் முன்னால் நின்றாள். கைப்பிடியில் கை. முகத்தில் ரத்தமே இல்லை. நான் பதறி எழுந்தேன்.

"என்ன ஆச்சு?"

திரும்பாமலே கையைக் காட்டினாள், உட்காரு என்று. நாய்க்குட்டி மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போனால் அவளே பேசிச் சமாளித்துவிடுவாள். எத்தனை பேரைப் பார்த்தவள்! ஆனால் போனால் பட்டம் போச்சு. போகாமல் அங்கே ஏதாவது ஆகிவிட்டால் பட்டத்தை வைத்து நாக்கு வழிக்கவா?

கைப்பிடியை விட்டாள். கதவைத் தட்டினாள்.

பொண்ணு எட்டிப் பார்த்தாள். கதவை ஒருக்களித்து வைத்து, அந்த அம்மா மேல் ஒரு கண் வைத்தபடியே என் மனைவி காதோடு காதாக ஏதோ சொன்னாள். பொண்ணுக்கு உதடு துடித்தது.

"ஐயோ, நான் கவனிக்கலையே மேடம். எனக்குப் பயமா இருக்கு. நீங்களே வந்துடுங்க."

"அவங்க உங்கிட்டதான் சொன்னாங்க கண்ணு. நீயே கேளு. சுத்தி வளைக்காத, நேராக் கேளு. நான் இங்கயேதான் இருக்கேன்."

பொண்ணு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. என் மனைவி இருட்டறைக்கு ஓடினாள்.

அதற்கப்புறம் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். லிஃப்ட் அறுந்து தொங்கியபோதுகூட அப்படி வேர்த்ததில்லை. ஒரு சத்தமும் இல்லை. பிறகு அழுகைச் சத்தம். அது எந்த அறையில் இருந்து என்று தெரியவில்லை. பிறகு அதுவும் இல்லை.

கடைசியில் கதவு திறந்தது. சட்டென்று தரையைப் பார்த்தேன். தைத்த செருப்பும் பொண்ணின் செருப்பும் ஒட்டி ஒட்டி நடந்து எதிரே இருந்த மனநல டாக்டர் அறைக்குப் போயின. போனில் கூப்பிட்டிருப்பார்கள் போல, கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஜோடிக் கால் அதே கதவுக்கு ஓடியது. "அக்கா வந்துட்டேன்டி" என்ற குரல் மட்டும் காதில் விழுந்தது.

பேராசிரியை அம்மாவும் என் மனைவியும் வெளியே வந்தார்கள். நான் ஒருவன் இருப்பதைப் பேராசிரியை சட்டை செய்யவில்லை.

"காதுல இருந்ததை அந்தப் பொண்ணு ஏன் கழட்டினா?"

"கதவுகிட்டயே கேட்டேன் மேடம். அது இருந்தா வந்தவங்க பேசுறது காதுல ஏறலைன்னு சொன்னா."

"போன தடவையில இருந்தே அவளுக்கு அப்படித்தானே? அது ஏன் உங்களுக்கு முன்னாடியே தெரியல?"

"நான் அவகிட்டக் கேக்கல மேடம். என் பரீட்சையைப் பத்தியே நெனச்சிட்டிருந்தேன்."

"அதை எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க மேடம்."

"கைப்பிடியில இருந்து கையை எடுத்தீங்களே, அதையும் எழுதுவேன். பாஸ்."

அவர் போய்விட்டார். என் மனைவி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுவாளோ என்று பார்த்தேன். "பசிக்குதுங்க" என்றாள்.

பொண்ணு எதிர் அறையில் இருந்து திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. "மேடம், அடுத்த தடவை அந்தக் குமிழ் மாட்டணுமா?"

"மாட்டலாமா வேணாமான்னு நீ யோசிச்சிட்டு வா. உக்காந்து பேசுவோம்."

வெளியே வந்து கார் சாவியை எடுத்தேன். கையை நீட்டினாள். "குடுங்க, நான் ஓட்டுறேன். பக்கத்துல உக்காந்துக்கிட்டு பிரேக்கை மிதிக்கக் கூடாது."

"நான் ஏன் மிதிக்கிறேன்?" என்றேன்.

வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு லாரி குறுக்கே வந்தபோது மட்டும் என் வலது கால் தானாக அழுந்தியது. அவள் அதைப் பார்த்தாள். கியரை மாற்றினாள்.